ஏழு நாள் அக்காவும் ஓராண்டு அக்காவும்

கல்லூரி மாணவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை நாம் தவறான இடத்தில் நின்று அளக்கிறோம் என்பது என் கருத்து. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். கல்லூரி தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் தங்க வேண்டும். அந்த 120 மணி நேரம் மரக்கன்று நடுவதிலும் விழிப்புணர்வுப் பேரணியிலும் வளாகத் தூய்மையிலும் இரத்ததான முகாமிலுமாகச் சிதறிப்போகிறது. பிள்ளைகளோடு உட்காரும் நேரம் பெரும்பாலும் அந்த ஏழு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. முடிந்ததும் மாணவருக்குச் சான்றிதழ், கல்லூரிக்கு அறிக்கை, அறிக்கைக்குப் புகைப்படம். முகாம் நடந்த ஊரின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குப் பிறகு நான்கு வரியைத் திக்காமல் வாசித்ததா என்று எழுத அந்த அறிக்கையில் கட்டமே கிடையாது. ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற அளவு அப்படியே இருக்கட்டும். அதை ஒரு கல்வியாண்டு முழுவதும் வாரம் இரண்டு மாலையாகப் பரப்பி, மாணவர் தன் சொந்த ஊரிலோ நடந்து போகும் தூரத்து ஊரிலோ, அதே பிள்ளைகளோடு செலவிட விட வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் இங்கே வாதாடுகிறேன்.

மகாராஜபுரத்தை எடுத்துக்கொள்வோம். வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்னந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த ஊர். தோப்பு வேலைக்கும் நடவு, அறுப்புக்கும் போகிறவர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். இராஜபாளையத்து நூற்பாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு வண்டியேறிப் போகிறவர்கள் என்று வேலை வேறு, நேரம் வேறு. ஷிப்ட் மாறினால் வீட்டின் ஒழுங்கும் மாறும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் வேலை விட்டு வரும் பெற்றோருக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் ஆளில்லாமல் கிடக்கிறது. காசிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரம் டியூஷன். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தெரு, அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டம் இது. 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். பள்ளிக்கூடம் இல்லாத குறை இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பள்ளி முடிந்த பிறகான மாலைதான் தீராத குறை.

அந்த மாலை நேரத்தில் வேறொருவரும் ஊருக்குத் திரும்புகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், கிருஷ்ணன்கோவில், சிவகாசி, விருதுநகர் கல்லூரிகளில் படித்துவிட்டுப் பேருந்தில் வரும் மாணவர். வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிற பெண்கள் இவர்களில் நிறைய. ஆண்டில் ஏழு நாள் கல்லூரி இவர்களை வேனில் ஏற்றி வேறொரு கிராமத்துக்குக் கொண்டுபோகிறது. சொந்தத் தெருவில், எதிர் வீட்டில், கூட்டெழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளை இருக்கும்போதே இது நடக்கிறது. இந்த ஏற்பாடு 1969-க்குப் பொருந்தியிருக்கலாம். காந்தி நூற்றாண்டான அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது கல்லூரிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நகரத்தவர், வசதியுள்ள வீட்டவர். அவர்களுக்குக் கிராமத்தைக் காட்ட வேண்டியிருந்தது. இன்று இந்த வட்டாரக் கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதே கிராமம்தான். அதற்குக் கிராமத்தைச் சுற்றிக்காட்டத் தேவையில்லை.

சேவைவழிக் கற்றல் என்று இன்று பேசப்படும் முறையின் பின்னாலும் இதே பழைய சித்திரம் ஒளிந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்கக் கல்லூரிகளில் உருப்பெற்ற முறை அது. மாணவர் சமூகத்தில் ஒரு பணியைச் செய்வார். செய்ததைத் தன் பாடத்தோடு சேர்த்து யோசித்து எழுதுவார். அதற்கு மதிப்பெண் உண்டு. மதுரையில் 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி இதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து, ஆசியக் கல்லூரிகள் பலவற்றோடு சேர்ந்து நடத்திவருகிறது. அதற்கு முன்பே நம்மிடம் இதற்கொரு மரபு உண்டு. காந்தியின் ஆதாரக் கல்வி 1937-இல் வார்தாவில் பேசப்பட்டது. சௌந்திரம் அம்மாளும் கோ. இராமச்சந்திரனும் எழுப்பிய காந்திகிராமம் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைப்பதைப் படிப்பின் பகுதியாகவே ஆக்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் இப்போது சமூக ஈடுபாட்டுக்கு 2 கிரெடிட் பாடம் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆக, வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் இந்த முறையின் நன்மையைப் பற்றி உலகம் திரட்டிவைத்திருக்கும் சான்றுகள் பெரும்பாலும் சேவை செய்தவரைப் பற்றியவை. 2011-இல் வெளிவந்த புகழ்பெற்ற தொகுப்பாய்வு 62 ஆய்வுகளையும் 11,837 மாணவர்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தன்மதிப்பு, படிப்பின் மேல் நாட்டம், சமூக அக்கறை, பழகும் திறன், மதிப்பெண் என எல்லாவற்றிலும் மாணவருக்கு முன்னேற்றம் கண்டது. நல்ல செய்தி. யாருக்குச் சேவை செய்யப் போனார்களோ அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பது அந்த ஆய்வின் கேள்விக்கு வெளியே நின்றது. எதை அளக்கிறோமோ அதற்கு ஏற்றபடிதான் திட்டத்தையும் வகுப்போம். மாணவரை மட்டும் அளந்தால் ஏழு நாளே போதும் என்றுதான் தோன்றும்.

பிள்ளையின் பக்கத்திலிருந்து அளந்த ஆய்வுகள் வேறு செய்தி சொல்கின்றன. அமெரிக்காவில் வளரிளம் பருவத்தினருக்கு ஓர் அண்ணனையோ அக்காவையோ துணையாக இணைத்துவிடும் பழைய அமைப்பு ஒன்று உண்டு. அதில் சேர்ந்த 10 முதல் 16 வயது வரையான 1,138 பேரை ஆராய்ந்த ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துணை ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த பிள்ளைகளுக்கே பெரிய முன்னேற்றம் இருந்தது. காலம் குறையக் குறைய நன்மையும் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தது. இதை நம் முகாம் நடத்துகிறவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். குறுகிய காலத்துக்குப் போனால் குறைந்த நன்மையாவது கிடைக்கும், ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் பாசமாகப் பழகிவிட்டுப் போனவரைப் பற்றிப் பிள்ளை எடுக்கும் முடிவு, தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்பதாகக்கூட இருக்கலாம். அமெரிக்கப் பதின்வயதினரைப் பற்றிய கண்டறிதலை நம் எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். நம் பிள்ளைக்குச் சுற்றிலும் அத்தை, பெரியம்மா, தாத்தா என்று ஆட்கள் உண்டு. ஒருவர் போனால் உலகம் இடிந்துவிடாது. ஆனாலும் ஆண்டுதோறும் வேறு வேறு முகங்கள் வந்து, பாட்டு, விளையாட்டு, பரிசு என்று அமர்க்களமாக நடத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமையோடு மறைந்துபோவதில், அந்தப் பிள்ளை கணக்கிலோ எழுத்திலோ சிக்கிக்கொண்டிருக்கும் இடம் எவர் கண்ணிலும் படாமலே போகிறது என்பதை மறுக்க முடியாது.

இந்தியாவிலேயே நடந்த சோதனைகள் இன்னும் பக்கத்தில் வருகின்றன. 2001 முதல் 2003 வரை வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் அமைப்பு, படிப்பில் பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்தவர்கள் அந்தந்தப் பகுதியிலேயே வாழ்ந்த இளம்பெண்கள். பயிற்சி இரண்டே வாரம். மாதம் 500 முதல் 750 ரூபாய். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களோடு இதை அளந்தார்கள். முதலாண்டில் கிடைத்த முன்னேற்றம் இரண்டாம் ஆண்டில் இரட்டிப்பானது. திட்டத்தை விட்டு வெளியேறி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி கரைந்திருந்தது. ஆசிரியப் பட்டம் இல்லாத பக்கத்து வீட்டுப் பெண்ணாலும் இதைச் செய்ய முடியும் என்பதற்கும், நிறுத்திவிட்டால் நிலைக்காது என்பதற்கும் ஒரே ஆய்வு சான்று தருகிறது. இரண்டு ஆண்டு நாள்தோறும் நடந்ததே இப்படிக் கரைகிறது என்றால், ஆண்டுக்கொரு வாரத்தால் என்ன மிஞ்சும்?

தமிழ்நாட்டின் சொந்தச் சான்று இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவில் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த திட்டம் இது. ஒரு தன்னார்வலர், ஏறத்தாழ இருபது பிள்ளைகள், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், வீட்டுத் திண்ணை அல்லது ஊர்ப் பொதுக் கட்டடம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், அந்தந்த ஊர்க்காரர்கள். தொற்றுக்கு முன்பும் பின்பும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 19,000 பிள்ளைகளின் கற்றலை அளந்த அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். உலகம் முழுவதும் அரசுகள் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், பிளஸ் டூ படித்த பெண்களையும் பட்டதாரிப் பெண்களையும் நம்பித் தெருவில் பாய் விரித்த ஒரு மாநிலம் இதைச் செய்தது. எனக்கு இதில் மிகுந்த பெருமை உண்டு. இந்த ஏற்பாட்டை ஒரு பேரிடரின் நினைவாக மட்டும் விட்டுவிடாமல், கல்லூரிப் படிப்போடு நிரந்தரமாக இணைத்திருக்க வேண்டும்.

ஆனால் மையம் திறந்தால் போதும், பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நம்பிவிடக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் ஊர்த் தன்னார்வலர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்து வாசிப்பு வகுப்புகள் நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஓரெழுத்தும் தெரியாமல் வந்தவர்கள் எழுத்தை அடையாளம் காணத் தொடங்கினார்கள். ஊரின் பிள்ளைகளில் வந்து சேர்ந்தவர்களோ 8 விழுக்காட்டினர்தான். யாருக்கு மிகத் தேவையோ அவர்களில் பெரும்பாலோர் வரவேயில்லை. ஆகவே இந்த வேலை பள்ளியோடு ஒட்டி நடக்க வேண்டும். எந்தப் பிள்ளை வர வேண்டும் என்பதை வகுப்பாசிரியர் சொல்ல வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு மாணவர் போய் அழைக்க வேண்டும். வெளியூரிலிருந்து வேனில் வந்தவருக்கு அந்த வீடு தெரியாது. அந்த அம்மாவுக்கு இந்த வாரம் இரவு ஷிப்டா பகல் ஷிப்டா என்பதும் தெரியாது. ஊர்ப் பெண்ணுக்குத் தெரியும்.

கற்றலின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் தொண்டாக நின்றுவிடும். மாணவருக்கு மதிப்பெண் தருவதென்றால் அவர் என்ன கற்றார் என்று கேட்க வேண்டும். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. உற்றுப் பார்த்தால் அதில் ஒழுங்கான ஒரு விதி இருக்கிறது: ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். 2-இலிருந்து 7 போகாது, ஆகவே 7-இலிருந்து 2, மீதி 5. ஐந்தில் ஒன்று போனால் 4. அந்தப் பிள்ளை கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது பிடிபடாமல் இருக்கிறது. பி.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவர் இதைத் தானே கண்டுபிடித்து, தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அவிழ்த்துக் காட்டி, மூன்று வாரத்தில் என்ன மாறியது என்று எழுதினால், இடமதிப்பைப் பற்றி எந்தத் தேர்வும் கற்பிக்காத ஒன்றை அவர் கற்றிருப்பார். தமிழிலக்கிய மாணவருக்கும் இதே போல வேலை இருக்கிறது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் போகும் பிள்ளை இங்கேதான் தடுக்கி விழுகிறது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 முதல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. அரும்பில் நிற்கும் ஒரு பிள்ளை ஏன் அங்கேயே நிற்கிறது என்று ஓராண்டு கவனித்து எழுதும் நோட்டுப் புத்தகம், நான் பார்க்கும் எந்த இறுதியாண்டுத் திட்ட அறிக்கையையும்விட மேலான ஆய்வு. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டவும் முடியாது. ஏழு நாளில் இந்த நோட்டில் இரண்டு பக்கம்கூட நிரம்பாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எதிர்ப்புகள். ஆசிரியர் சங்கங்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது: இருபது வயது மாணவரைச் சம்பளமில்லாமல் உட்காரவைத்து, நிரப்ப வேண்டிய ஆசிரியர் பணியிடத்தை அரசு நிரப்பாமல் விடுவதற்கு இது சாக்காகாதா? ஆகக்கூடும். அதனால்தான் இது பள்ளி நேரத்துக்குப் பிறகு மட்டும் நடக்க வேண்டும், பாடப்புத்தகத்தை முடிக்கும் வேலை எதுவும் மாணவரிடம் போகக் கூடாது, வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் மட்டுமே அவர் எல்லை என்று அரசாணையிலேயே எழுத வேண்டும் என்கிறேன். வகுப்பில் முப்பது பேருக்கு நடுவில் தனித்தனியாகக் கேட்க முடியாத வாசிப்பைக் கேட்க ஒரு காது கூடுதலாகக் கிடைக்கிறது. ஆசிரியரின் இடம் அப்படியே இருக்கிறது. ஊதியத்தைப் பொறுத்தவரை என் நிலை இன்னும் கறாரானது. வதோதராவின் பெண்களுக்கும் இல்லம் தேடிக் கல்விப் பெண்களுக்கும் சிறிதாவது பணம் தரப்பட்டது. விடுமுறையில் மில்லுக்கோ ஜவுளிக்கடைக்கோ வேலைக்குப் போய்க் கட்டணம் கட்டும் மாணவரிடம் வாரம் மூன்று மணி நேரத்தை இலவசமாகக் கேட்பது, தியாகத்தை ஏழையிடம் மட்டும் வசூலிப்பதாகிவிடும். கிரெடிட்டோடு அதே 1,000 ரூபாயையும் தர வேண்டும்.

கட்டாயப்படுத்தினால் அது சேவையாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என்று விரிவாக்கப் பணிக்கு ஏற்கெனவே உள்ள தெரிவுகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்காத ஒருவரைப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைப்பது இரு தரப்புக்கும் தண்டனை. தேர்வு நேரத்தில் மாணவர் வரமாட்டாரே என்பது அடுத்த கேள்வி. வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 32 வாரம் என்று வைத்தால் 96 மணி நேரம் ஆகிறது. மீதி 24 மணி நேரம் பயிற்சிக்கும், மாதம் ஒருமுறை கல்லூரியில் கூடிப் பேசுவதற்கும். ஆண்டில் 52 வாரம் இருக்க, பருவத் தேர்வு, தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை எல்லாம் போனாலும் இந்தக் கணக்கு இடிக்காது. ஒரு மையத்துக்கு இரண்டு மாணவர் என்று வைத்தால், ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மையம் பூட்டிக்கிடக்காது.

இருவர் வேண்டும் என்பதற்கு இதைவிட முக்கியமான காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், என்.சி.சி. பெயரில் நடந்த போலி முகாமில் மாணவியர் பாலியல் வன்முறைக்கு ஆளான செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. நல்ல பெயர் கொண்ட ஒரு பலகையைத் தொங்கவிட்டால் எந்த வயதுவந்தவரும் பிள்ளைகளை நெருங்கிவிட முடியும் என்ற நிலை அப்போது அம்பலமானது. ஆகவே யார் வருகிறார், எந்தக் கல்லூரி அனுப்பியது, யார் பொறுப்பு என்பது தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளையோடு எந்த மாணவரும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, பிள்ளை தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் 1098-க்கு எப்படித் தெரிவிப்பது என்பதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தர வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் கல்லூரிச் சுவரொட்டியில் போடுவதும் அறவே கூடாது. சோற்றுத் தட்டோடும் கிழிந்த புத்தகப் பையோடும் நிற்கும் பிள்ளையின் படம் சேவைக்குச் சாட்சியாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் இருபது வயதாகும். அப்போது அந்தப் படம் எங்கேயோ இருக்கும்.

என் யோசனைக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கனமானது சாதி. முகாமுக்கு வரும் வெளியூர் மாணவர் குறைந்தபட்சம் எல்லாத் தெருவுக்கும் அந்நியர். அதனால் எல்லாத் தெருவுக்கும் போவார். சொந்த ஊரில் மையம் நடத்தும் மாணவர் தன் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் அக்காவாகிவிடுவார், காலனிப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது கற்பனைப் பயம் இல்லை. தென் மாவட்டங்களில் மாணவர் கையில் கட்டும் கயிற்றின் நிறம்வரை சாதி வந்து நிற்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதன் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. இந்த எதிர்ப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஓரளவு விடை இருக்கிறது. மையம் எவர் வீட்டுத் திண்ணையிலும் நடக்கக் கூடாது, ஊர்ப் பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்க வேண்டும். பிள்ளைகளைத் தேர்வது மாணவர் கையில் இருக்கக் கூடாது, கற்றல் நிலையைப் பார்த்து வகுப்பாசிரியர் தர வேண்டும். ஒரு மையத்தின் இரண்டு மாணவர்களும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. அதே ஊரில் அப்படி இருவர் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வரட்டும். செண்பகத்தோப்புப் போன்ற மலையடிவாரப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அங்கேயே படித்து வந்த இளைஞர் கிடைத்தால் அவரே முதல் தேர்வு. பளியர் வீட்டுப் பெண் ஒருவர் ஆசிரியராக உட்காருவதை எல்லாத் தெருப் பிள்ளைகளும் பார்க்கும்படி பள்ளிக்கூடத்து மையத்திலேயே அமர்த்துவது அதைவிட நல்லது. ஏழு நாள் முகாமால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. எல்லாத் தெருவுக்கும் போவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

முகாமையே ஒழித்துவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருணி தூர்வார, மருத்துவ முகாம் நடத்த, வீடு வீடாகக் கணக்கெடுக்க அது ஏற்ற வடிவம். நூறு பேர் ஒரு வாரத்தில் சேர்ந்து செய்து முடிக்கும் வேலைகள் அவை. வாசிக்கக் கற்பது அந்த வகை வேலை இல்லை. ஒரு நாட்டு நலப்பணித் திட்ட அலகில் நூறு மாணவர் இருக்கிறார்கள். அலகின் எல்லா மாணவரும் இதைத் தேர்ந்தெடுத்தால், இருவருக்கு ஒரு மையம் வீதம் ஐம்பது மையங்கள். மையத்துக்குப் பதினைந்து பிள்ளைகள் என்றால் 750 பேர். பாதி மாணவரே முன்வந்தாலும் 375 பேர். இராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்பு வரை மலையோரமாக உள்ள ஊர்களில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒரே கல்லூரியின் இரண்டு மூன்று அலகுகள் தாங்கிக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். மூன்றாமாண்டு மாணவர் படிப்பு முடித்துப் போகும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் என்று எழுதிய நோட்டை இரண்டாமாண்டு மாணவரிடம் தந்து, கடைசி நான்கு வாரம் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். இதற்குப் பெரிய பணமோ புதிய துறையோ தேவையில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு விரிவாக்கப் பணி விதியில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் முதன்மைக் கல்வி அலுவலரையும் கல்லூரி முதல்வர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து எந்தக் கல்லூரிக்கு எந்த ஊர் என்று பிரித்துத் தர வேண்டும். மே மாதத்துக்குள் அது நடந்தால், ஜூனில் பள்ளி திறக்கும்போதே தலைமையாசிரியர்கள் பிள்ளைகளின் பட்டியலைத் தயாராக வைத்திருக்கலாம்.